நான் நீக்கிய புள்ளி

ஒரே டப்பாவிலிருந்து இரண்டு பேர் சாப்பிட்டுக்கொண்டிருந்ததைப் பார்த்தபோதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. மார்பு நோய்ப் பிரிவுக்கு வெளியே, நடைவழிப் பெஞ்சில், அக்காவும் தங்கையும். எலுமிச்சை சாதம். அக்காவுக்குக் காசநோய் என்று அன்று காலைதான் உறுதியாகியிருந்தது. அவள் முகக்கவசத்தைத் தாடைக்கு இறக்கி ஒரு வாய் வைப்பாள், இருமுவாள், டப்பாவைத் தள்ளுவாள். தங்கை அதே ஸ்பூனால் அடுத்த வாய் எடுத்துக்கொள்வாள்.

ஸ்பூனால் பரவுகிற நோய் இல்லை இது. காற்றால் பரவுவது. ஆனாலும் அந்த ஸ்பூனைப் பார்த்ததும் எனக்குள் ஏதோ சட்டென்று திரும்பியது. இவர்கள் ஒரே அறையில் படுப்பவர்கள். ஒரே காற்று. ஒரே அப்பா, ஒரே அம்மா. ஒருத்திக்கு நுரையீரலில் ஓட்டை விழுகிற அளவுக்கு முற்றிவிட்டது. இன்னொருத்தி ஊறுகாயை நக்கிக்கொண்டு நடைவழியில் போகிறவர்களை எல்லாம் வேடிக்கை பார்க்கிறாள். அப்படியானால் வித்தியாசம் எங்கே இருக்கிறது? நோட்டு கையில் இல்லை. உள்ளங்கையிலேயே எழுதினேன்: உடன்பிறந்தவர்கள். ஒரே அறை. ஒருத்திக்கு வந்தது, ஒருத்திக்கு வரவில்லை. ஏன்?

நான் அந்த டெல்லி மருத்துவமனையின் மூன்றாம் மாடி ஆய்வகத்தில் பிஎச்.டி. மாணவி. அதுவரை எங்கள் வேலை, நோயாளிகளின் ரத்தத்தையும் எங்கிருந்தோ கிடைக்கிற நோயில்லாதவர்களின் ரத்தத்தையும் ஒப்பிடுவது. காசநோய்க் கிருமி உள்ளே போகிற எல்லோரும் படுத்துவிடுவதில்லை. பெரும்பாலானவர்களின் உடல் அதை ஒரு மூலையில் அடைத்து வைத்துவிடும். சிலரால் முடிவதில்லை. அதற்கு மரபணுவில் ஏதாவது காரணம் இருக்கிறதா, ரத்தத்தில் சில புரதங்கள் அதை முன்கூட்டியே காட்டிக்கொடுக்குமா, இதுதான் எங்கள் கேள்வி. யாரோ ஒருவரை யாரோ ஒருவரோடு ஒப்பிட்டால் ஆயிரம் வித்தியாசம் வரும். அக்காவைத் தங்கையோடு ஒப்பிட்டால்?

மாடிப்படியை இரண்டிரண்டாக ஏறிப் போய் என் கைடிடம் உள்ளங்கையைக் காட்டினேன். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் படித்தார்.

“முதல்ல போய்க் கையைக் கழுவு,” என்றார் இந்தியில். “இந்தக் கட்டடத்துல கையில எழுதற ஆராய்ச்சியாளர் நீ ஒருத்திதான்.” பிறகு, நான் கழுவிக்கொண்டிருக்கும்போது, முதுகுக்குப் பின்னால்: “நல்ல யோசனை.”

அனுமதிகள் வாங்குவதற்குள் தீபாவளி போய்விட்டது. அக்கா மாதாமாதம் மாத்திரைக்கு வருவாள், தங்கை துணைக்கு வருவாள், அதனால் அவர்களைத் தொலைத்துவிடவில்லை. என் ஆய்வின் முதல் ஜோடி அவர்கள்தான். கள்ளக்குறிச்சிப் பக்கம். துவாரகாவுக்குப் பின்னால் ஒரு ஒற்றை அறையில் அக்கா, கட்டட வேலைக்குப் போகும் அக்காவின் கணவர், பதினொரு வயது மகள், தங்கை. பெண்கள் இருவருக்கும் துவாரகா அடுக்குமாடி வீடுகளில் வேலை. தங்கைக்கு இருபத்தைந்து. என் வயது.

நாற்காலியில் உட்கார்ந்து சேலை முந்தானையை விலக்கிக் கையை நீட்டியவள் கேட்டாள்: “நீங்க டாக்டரா?”

“இல்ல. ஆராய்ச்சி பண்றேன்.”

“அப்ப ஊசி குத்துவீங்க, மருந்து குடுக்க மாட்டீங்க.”

“ஆமா.”

“கொசு மாதிரி.”

அக்கா இருமலுக்கு நடுவில் சிரித்துவிட்டாள். “வாய மூடுடி. மேடம் கோச்சுக்கப் போறாங்க.”

நான் கோபித்துக்கொள்ளவில்லை. சரோஜினி நகர் அரசு குடியிருப்பில் பிறந்து வளர்ந்தவள் நான். வெளியில் தமிழில் கிண்டல் கேட்டு எத்தனை நாளாயிற்று. “ஸரா கையை டைட்டா வெச்சுக்கோங்க, ஜல்தி முடிஞ்சிடும்,” என்றேன், பாதி இந்தியாக.

“மொதல்ல உங்க தமிழுக்கு ஒரு ஊசி போடணும் மேடம்,” என்றாள்.

ஊதா மூடி போட்ட குழாயில் மரபணுவுக்கு, பச்சை மூடிக் குழாயில் புரதங்களுக்கு. இருமல் இல்லை, காய்ச்சல் இல்லை, எடை குறையவில்லை, எக்ஸ்ரே தெளிவு. படிவத்தில் இரண்டு கட்டங்கள் இருக்கும். நோயாளி என்று ஒன்று. ஆரோக்கியமானவர், நோயாளியோடு வசிப்பவர் என்று இன்னொன்று. இரண்டாவதில் டிக் போட்டேன்.

அவள் எட்டிப் பார்த்தாள். டெல்லிக்கு வந்து கற்றுக்கொண்ட இந்தி எழுத்தைக் கூட்டிப் படித்தாள். “ஸ்வஸ்த். நல்லா இருக்கேன்னு போட்டிருக்கீங்க, இல்ல?”

“ஆமா.”

“அச்சா. அப்ப இதுல ஒரு நகல் குடுங்க. சீல் போட்டுக் குடுங்க.”

அக்காவின் நோய் துவாரகாவில் தெரிந்துபோய்விட்டதாம். அவளை எல்லா வீட்டிலும் நிறுத்திவிட்டார்கள். தங்கையை, ரிப்போர்ட் கொண்டுவந்தால்தான் கேட்டுக்குள் விடுவோம் என்று காவல்கார பையாவை விட்டுச் சொல்லியிருக்கிறார்கள். “சீல் இல்லாட்டி நம்ப மாட்டாங்க மேடம். வெறும் பேப்பர நானே எழுதிக்கினு வந்தேன்னுவாங்க.”

அந்தப் படிவம் மருத்துவச் சான்று இல்லை. ஆய்வில் எந்த வரிசையில் நிற்கிறீர்கள் என்பதற்கான குறிப்பு மட்டும்தான். அதைச் சொல்லியிருக்க வேண்டும். ஒரு மனிதருக்கு உதவ முடிகிற சந்தர்ப்பம் என் மூன்றாம் மாடியில் அபூர்வம். மேஜை இழுப்பறையைத் திறந்து துறையின் வட்ட முத்திரையை எடுத்து, ஊதா மையில் ஒற்றி, டிக்குக்குப் பக்கத்திலேயே நேராகக் குத்திக் கொடுத்தேன். அன்று முழுக்க எனக்கு என்னைப் பிடித்திருந்தது.

கிளம்பும்போது கேட்டாள்: “ரத்தத்துல இன்னா வந்துச்சுன்னு எப்ப சொல்வீங்க?”

“வந்ததும் சொல்றேன்.”

தனித்தனியாக யாருக்கும் முடிவு சொல்லப்படாது என்று அதே படிவத்தின் நான்காம் பக்கத்தில் இருந்தது. அந்தப் பக்கத்தை எழுதியவளும் நான்தான்.

*

எங்கள் வேலைமுறையைச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் மற்றது புரியாது. ரத்தம் எடுத்த அன்றே யாரும் பரிசோதிப்பதில்லை. தெளிந்த மேல்நீரைப் பிரித்துச் சின்னக் குப்பிகளில் போட்டு, பெயரை அகற்றி எண் மட்டும் ஒட்டி, மைனஸ் எண்பது டிகிரி ஃப்ரீசரில் வைத்துவிடுவோம். புரதத்தை அளக்கிற தட்டில் தொண்ணூற்றாறு குழிகள். பாதிக் குழிகளோடு ஓட்டினால் மீதி வீண். அதைவிடப் பெரிய காரணம், இன்று அளந்ததையும் அடுத்த மாதம் அளந்ததையும் அருகருகே வைத்தால் நியாயமான ஒப்பீடு ஆகாது. எல்லா மாதிரியும் ஒரே நாளில், ஒரே கையால், ஒரே தட்டில். இதில் எனக்கு ஒரு பக்தியே இருந்தது. ஆகவே தட்டு நிரம்புகிறவரை காத்திருந்தேன். குளிர்காலம் முழுக்க அவளுடைய ரத்தம், இரண்டு குப்பிகளாக, மூன்றாவது அடுக்கில் உறைந்து கிடந்தது.

ஜனவரியில், பொங்கலுக்கு முந்தின ஞாயிறு, ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் அவளைப் பார்த்தேன். அம்மா பச்சரிசியும் மஞ்சள் கொத்தும் வாங்கி வரச் சொல்லியிருந்தாள். துவாரகா வீட்டம்மா ஒருத்தி முன்னால் நடக்க, இரண்டு கையிலும் பையோடு அவள் பின்னால் வந்தாள். என்னைப் பார்த்ததும் பைகளைக் கீழே வைத்தாள்.

“மேடம், உங்க சீல்தான் எனக்கு இப்ப கேட் பாஸ். பிளாஸ்டிக் போட்டு வெச்சிருக்கேன்.”

“அக்கா எப்படி இருக்காங்க?”

“தேறிட்டா. நல்லா திங்கிறா. டி.பி. மாத்திரை குடுக்கிற டாட்ஸ் சென்டர்ல எனக்குக்கூட முன்னெச்சரிக்கை மாத்திரைன்னு எழுதினாங்க. நான் வாணாம்னுட்டேன். எனக்கு ஒண்ணுமில்லேன்னு பெரிய ஆஸ்பத்திரியிலயே சீல் போட்டுக் குடுத்துட்டாங்களே, அப்பறம் எதுக்கு?” சொல்லிக்கொண்டே தோளில் வாயைப் புதைத்து இருமினாள். இரண்டு முறை. “என் ரத்தம் வந்துச்சா?”

“இன்னும் இல்ல.”

“குளிருக்கு ஒறைஞ்சு போயிருக்கும்,” என்று சிரித்தாள். வீட்டம்மா கூப்பிட, பைகளைத் தூக்கிக்கொண்டு போனாள்.

டெல்லியில் ஜனவரியில் யார்தான் இருமவில்லை. புகையும் பனியும் சேர்ந்த அந்தக் காற்றில் நானே தொண்டையைச் செருமிக்கொண்டுதான் நின்றேன். முன்னெச்சரிக்கை மாத்திரையைப் போட்டுக்கொள் என்று ஒரு வாக்கியம். அதைச் சொல்ல ஒரு நிமிடம் ஆகாது. மஞ்சள் கொத்து தீர்ந்துவிடுமோ என்று கடைப்பக்கம் திரும்பிவிட்டேன்.

மார்ச் கடைசியில் தட்டு நிரம்பியது. காலையில் ஆரம்பித்து மாலை ஐந்துக்கு எண்கள் கணினியில் வந்தன. நோயாளி எது, நோயில்லாதவர் எது என்று பிரிக்கிற பட்டியல் மட்டும் என்னிடம் உண்டு. பெயர்கள் வேறொரு பதிவேட்டில், பூட்டி, கைடின் அலமாரியில். வரைபடம் போட்டேன். ஒரு புரதம் அழகாகப் பிரிந்து நின்றது. நோயாளிகளின் புள்ளிகள் மேலே, மற்றவர்களின் புள்ளிகள் கீழே, நடுவில் சுத்தமான இடைவெளி.

ஒரே ஒரு புள்ளியைத் தவிர. ஆரோக்கியமானவர் வரிசையில் ஒன்று நோயாளிகளின் உயரத்துக்கு ஏறி நின்றது. பார்த்ததும் எரிச்சல் வந்தது. ரத்தம் எடுக்கும்போது அணுக்கள் உடைந்து கலந்திருக்கும். அல்லது குழி மாறி ஊற்றியிருப்பேன். சந்தேகம் வந்தால் இரண்டாவது குப்பியை எடுத்து மறுபடி அளக்க வேண்டும் என்பது முறை. ஒரு குழிக்காகப் புதுத் தட்டைத் திறப்பதா? குறிப்புப் பகுதியில் ‘மாதிரி கெட்டுவிட்டது, நீக்கவும்’ என்று அடித்தேன். புள்ளி போனது. படம் இன்னும் அழகானது.

கைடு அதைப் பார்த்துவிட்டுத் தேநீர் வாங்கித் தந்தார். ஒரு கருத்தரங்குக்கு ஆய்வுச் சுருக்கம் அனுப்பினோம், ஏற்றுக்கொண்டார்கள். அப்பா அதைக் குடியிருப்பில் தெரிந்தவர் எல்லோருக்கும் அனுப்பினார்.

*

மே மாதம் அக்கா தனியாக வந்தாள். மாத்திரையெல்லாம் முடிந்து, முதல் ரத்தம் எடுத்து ஆறு மாதமாகி, இரண்டாவது முறை எடுக்க வேண்டிய நாள். கன்னம் உப்பி, முகம் தெளிந்து, ஆள் அடையாளம் தெரியவில்லை. “தங்கச்சி வேலைக்குப் போயிருக்காங்களா?” என்று கேட்டுக்கொண்டே நான் கையுறையைப் போட்டுக்கொண்டிருந்தேன்.

“அவ பூட்டா மேடம்.”

ஊருக்குப் போய்விட்டாள் என்றுதான் நினைத்தேன். அக்கா என் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டாள். எனக்காக இன்னொரு முறை, தெளிவாக, ஒரு குழந்தைக்குச் சொல்வதுபோல் சொன்னாள். “செத்துப்பூட்டா. ஏப்ரல்ல. மூளைக்கு ஏறிடுச்சாம் டி.பி.”

இருமல் விடவேயில்லையாம். மெலிந்திருக்கிறாள். துவாரகாவில் கேட்டபோதெல்லாம் பிளாஸ்டிக் உறையிலிருந்த காகிதத்தைக் காட்டியிருக்கிறாள். அக்காவே டாட்ஸ் சென்டருக்கு இழுத்திருக்கிறாள். “பெரிய எடத்துல பாத்தாச்சுக்கா, ரத்தம் அங்கதான் கீது, ஏதாச்சும்னா மேடம் கூப்புட்டுச் சொல்லுவாங்க” என்றிருக்கிறாள். ஏப்ரலில் தலைவலி, வாந்தி. நான்காம் நாள் ஆளைத் தெரியவில்லை. வேறொரு மருத்துவமனைக்குத் தூக்கிப் போயிருக்கிறார்கள். ஒரு வாரம்.

“கடைசியில என்ன பாத்து, யாரு நீன்னு கேட்டா,” என்றாள் அக்கா. “எனக்கு அதுதான்.”

ஊசியை உறை பிரிக்காமல் அப்படியே வைத்தேன். அன்று ரத்தம் எடுக்கவில்லை.

மூன்றாம் மாடிக்குப் படியேறும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. இருந்தாலும் கைடிடம் சாவி கேட்டு, பூட்டிய பதிவேட்டைத் திறந்து, நீக்கிய மாதிரியின் எண்ணுக்கு நேரே விரலை வைத்தேன். அவள் பெயர்தான். ஃப்ரீசரைத் திறந்து இரண்டாவது குப்பியை எடுத்தேன். மேல்நீர் இளமஞ்சளாக, தெளிவாக இருந்தது. அணுக்கள் உடைந்திருந்தால் சிவந்திருக்கும். புதுத் தட்டைத் திறந்து அளந்தேன். அதே உயரம்.

தீபாவளிக்குப் பிந்தைய அந்த நாளில், எக்ஸ்ரே தெளிவாக இருந்தபோது, இருமல் தொடங்காதபோது, அவள் என்னைக் கொசு என்றபோது, ரத்தத்துக்குத் தெரிந்திருந்தது. நான் தட்டு ஓட்டிய மார்ச் மாலையில் அவள் உயிரோடு, துவாரகாவில் யார் வீட்டிலோ பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். அப்போதும் நேரம் இருந்தது. நோய் அண்டாத தங்கையின் மரபணுவைத் தேடித்தான் நான் கிளம்பினேன். அப்படி ஒரு தங்கையே இல்லை. அக்காவுக்கு முதலில் வந்தது, இவளுக்கு அடுத்து வந்தது. நடுவில் நான் படம் பிடித்துவிட்டேன்.

இன்னொன்றையும் எழுதிவிட வேண்டும். அந்த எண் இரண்டாம் முறையும் மேலே வந்தபோது, நெஞ்சுக்குள் முதலில் வந்தது துக்கமில்லை. நோய்க்கு முன்பே ரத்தம் சொல்கிறது, இதுதான் நாங்கள் தேடியது என்று ஒரு துள்ளல். ஒரு கணம்தான். பிறகு கழிவறைக்குப் போய்க் கதவைத் தாழிட்டுக்கொண்டேன்.

கைடு எல்லாவற்றையும் கேட்டார். “புள்ளியைத் திரும்ப வை,” என்றார். “சுருக்கத்தைத் திரும்பப் பெற்றுவிடலாம். அந்தப் படத்தில் உண்மையான புள்ளி அது ஒன்றுதான்.” பிறகு, “அக்காவிடம் சொல்ல வேண்டும். நான் வரட்டுமா?”

“நானே போறேன் சார்.”

*

ஞாயிற்றுக்கிழமை காலை. மெட்ரோவில் போய் இறங்கி, ஷேர் ஆட்டோவில் கடைசிவரை போனேன். வெயில் ஏறியிருந்தது. அறையில் ஜன்னல் இல்லை. ஒரு கட்டில், சுருட்டிய பாய்கள், கூலர். சுவரில் தங்கையின் படம், மாலையோடு. அதன் கீழே ஆணியில், பிளாஸ்டிக் உறையில், என் முத்திரை. ஊதா மை கொஞ்சமும் மங்கவில்லை.

மகள் கட்டிலில் உட்கார்ந்து கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். “நமஸ்தே ஆன்ட்டி,” என்றாள். தமிழ் புரியும், பேச வராது.

வழியெல்லாம் ஒத்திகை பார்த்த வாக்கியங்கள் எதுவும் வரவில்லை. உடைந்த தமிழில் சொன்னேன். அந்தக் காகிதம் ஆரோக்கியச் சான்று இல்லை, நான் முத்திரை குத்தியிருக்கக் கூடாது. ரத்தத்தில் முன்பே தெரிந்தது. மார்ச்சில் எண் வந்தது. தப்பு என்று நினைத்து நான் அழித்தேன்.

அக்கா நின்றபடியே கேட்டாள்.

“அவ தெனம் கேப்பா,” என்றாள். “மேடம் இன்னும் கூப்புடலியே, அப்ப நான் நல்லாத்தான் கீறேன்னுவா. நீங்க கூப்புடாதத வெச்சே அவ தைரியமா இருந்தா.”

நான் மன்னிப்புக் கேட்டேன். அவள் ஆணியிலிருந்து உறையை எடுத்து, காகிதத்தை உருவி, நான்காக மடித்து என் கையில் கொடுத்தாள். உறையைத் துடைத்து மகளிடம் நீட்டினாள், “புஸ்தகத்துக்குப் போட்டுக்க.”

தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். நான் குடித்து முடிக்கிறவரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டாள்: “இவளும் எங்க ரெண்டு பேருக்கும் நடுவுலதான் படுத்துக்கினு இருந்தா. இவளுக்கு?”

“ஏதாவது மாத்திரை குடுத்தாங்களா?”

“எழுதினாங்க. சித்தி போடல, நானும் போட மாட்டேன்னு ஒரே அழுகை. ரெண்டு வாரத்துல விட்டுட்டா.”

“நாளைக்கே கூட்டிட்டு வாங்க. மொதல்ல டாக்டர் பாக்கட்டும், எக்ஸ்ரே எடுக்கட்டும். மாத்திரைய மறுபடி ஆரம்பிக்கணும். அதுக்கு என் ரத்தப் பரிசோதனைக்காகக் காத்திருக்க வேணாம்.”

“ரத்தமும் எடுங்க.”

நான் அவளைப் பார்த்தேன்.

“எடுங்க மேடம். ஆனா பேப்பர் குடுக்காதீங்க. அதே வாரம் வந்து வாயால சொல்லுங்க. நல்லா இருந்தாலும் சொல்லுங்க, இல்லாட்டியும் சொல்லுங்க.”

“ஆன்ட்டி, சூயி மே தர்த் ஹோகா க்யா?” என்று மகள் கணக்கு நோட்டிலிருந்து தலை தூக்காமல் கேட்டாள். ஊசி வலிக்குமா என்று. கொஞ்சம் வலிக்கும் என்றேன். அவளிடமாவது கேட்ட உடனே உண்மையைச் சொல்ல முடிந்தது.

அன்று மாலையே கைடும் நானும் உட்கார்ந்து நெறிமுறைக் குழுவுக்குக் கடிதம் எழுதினோம். படிவத்திலிருந்து ஆரோக்கியமானவர் என்ற கட்டத்தை எடுத்துவிட வேண்டும். நோயாளியோடு வசிப்பவர் என்பது போதும். நான்காம் பக்கத்தை மாற்ற வேண்டும். யாருடைய எண் மேலே நின்றாலும் அந்த வாரமே மருத்துவருக்கும் அவருக்கும் தெரிய வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒரு முறை மறுபடி ரத்தம். குழந்தைகளையும் சேர்க்க அனுமதி. எந்தப் புள்ளியையும் இரண்டாவது குப்பி பார்க்காமல் நீக்கக் கூடாது. இந்த வரியை நான் என் கையால் எழுதினேன், உள்ளங்கையில் இல்லை, காகிதத்தில்.

மகளின் எக்ஸ்ரே முடிந்தது. மருத்துவர் பார்த்துவிட்டு மாத்திரையை மறுபடி தொடங்கச் சொல்லிவிட்டார். அக்கா எதிரில் நின்று விழுங்க வைக்கிறாள். குழுவின் அனுமதி நேற்று வந்தது. திங்கட்கிழமை காலை மகளிடம் ரத்தம் எடுக்கப்போகிறேன். ஃப்ரீசரில் வைக்கப்போவதில்லை. தொண்ணூற்றாறு குழிகளில் அவளுக்கும் அளவுகோல் மாதிரிகளுக்கும் வேண்டியவை போக மற்றவை எல்லாம் காலியாக இருக்கும். அப்படியே ஓட்டப்போகிறேன். மாலை ஐந்துக்கு எண் வரும். ஆறு மணிக்கு மெட்ரோ.